எலும்பை முறித்த காய்ச்சலும் என் வம்சக் கவலையும்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் நான் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற உத்தியோகம். ஒரு மூட்டைக்கு ஒரு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்குக்கோடு. உப்பு மூட்டை ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் அந்தக் கோடுகள் தாளை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தன. கண்ணை லேசாகத் திருப்பினாலும் உள்ளே இருந்து யாரோ கட்டைவிரலால் விழியை வெளியே தள்ளுகிற மாதிரி வலி. இடுப்பு தனியாகக் கழன்று வந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தபோது எந்த எலும்பும் அதனதன் இடத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் தெருவுக்கு எல்லா நோய்க்கும் ஒரே டாக்டரம்மாதான். என் மேல்கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, கொஞ்ச நேரம் அப்படியே இறுக்கி வைத்திருந்தார். அவிழ்த்ததும் முழங்கையின் உட்புறத்தில் குண்டூசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். "டெங்கு" என்றார். தோலுக்கு அடியில் நுண்ணிய குழாய்கள் கசிகின்றனவாம். கஞ்சித் தண்ணீர், இளநீர், உப்புப் போட்ட மோர் என்று குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது, ரத்தம் நிற்காமல் போகும். இன்னொன்றும் சொன்னார். காய்ச்சல் அடிக்கும்போது பயப்பட வேண்டாமாம், அது இறங்குகிற நேரத்தில்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டுமாம். என்னைப் போன்ற ஆளிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. காய்ச்சல் ஏறினால் ஏறுகிறதே என்று நடுங்கினேன், இறங்கியதும் இறங்கிவிட்டதே என்று நடுங்கினேன்.

"வீட்ல தண்ணி எதுல பிடிச்சு வைக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தூத்துக்குடிக்காரனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் தங்கத்தைப் பற்றிக் கேட்ட மாதிரி. குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் என் வீட்டில் மட்டும் நான்கு இரும்பு டிரம்கள். துறைமுகத்தில் பழகின செல்வாக்கு. பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடம்பு தேறியதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் வாலை மேலே ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, நெளி நெளியாகக் கொசுப்புழுக்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டதும் துள்ளி அடிக்குப் போகும், மூச்சுக்கு மறுபடி மேலே வரும். இவை வளர்ந்து, காலில் வெள்ளை வரி போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் வந்து முதலில் என்னைக் கடித்து, என்னிடமிருந்து நோயை எடுத்து என் மனைவியைக் கடித்திருக்கின்றன. எனக்குப் பின்னாலேயே அவளும் படுத்தாள். அவளுக்குக் காய்ச்சல் குறைவு, முனகலும் குறைவு. இரண்டு பேர் பங்கு முனகலையும் நானே பார்த்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தங்கச்சிமாரைக் கரையேற்றிவிட்டு நாற்பதைத் தொடுகிற வயதில் கல்யாணம் செய்துகொண்டவன் நான். அவளும் சின்னப் பெண் அல்ல. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். இரண்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. மாதா கோயிலுக்குப் போனால் பூசை முடிவதற்குள் ஐந்தாறு பேர் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளிப்பேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

வேலைக்குத் திரும்பிய நாளில் டீக்கடையில், சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டும் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"என்னலே, அவிச்ச நண்டு மாதிரி செவந்து போய் வார?"

"காச்சல் அண்ணாச்சி. டெங்குவாம்."

"எலும்பை ஒடிச்சுப் போடுமே, அதா?" டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "ஏலே, ஒனக்குப் பிள்ள இருக்கா?"

"இன்னும் இல்ல."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன 'ம்'?"

"ஒண்ணுமில்லலே. காயல்பட்டினத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு மரைக்காயரு. ஒரு காச்சல்ல விழுந்து எந்திரிச்சாரு. ஆளு ஜம்முனு நடக்காரு. ஆனா உள்ள இருக்கதை அது வேக வச்சுட்டுல்லா போயிருக்கு! அவிச்ச முட்டையை அடை வச்சா குஞ்சு பொரிக்குமாலே?"

கடையே சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வழக்கமாக உட்காருகிற இரும்புக் குற்றியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். கப்பல் கயிறு கட்டுகிற குற்றி அது, வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஏற்கெனவே அவிந்ததை மேலும் அவிப்பானேன் என்றுதான்.

அன்றிலிருந்து சூடான எதிலும் உட்காருவதில்லை. காலையும் மாலையும் இடுப்புக்குக் குளிர்ந்த தண்ணீர். "என்ன செய்யுதீய உள்ள? டிரம் பாதி காலி" என்று மனைவி குளியலறைக் கதவைத் தட்டுவாள். "சூடு தணிக்கேன்" என்பேன். உண்மைதானே.

இதற்குள் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின, தலைமுடி சீப்போடு வந்தது. உடம்பு ஒவ்வொரு கடையாக அடைத்துக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டி டாக்டரம்மாவிடம் போனேன்.

"டாக்டரம்மா, என் சிநேகிதன் ஒருத்தனுக்கு டெங்கு வந்துச்சு. அவனுக்குப் பிள்ளை பிறக்குமான்னு…"

"உங்க சிநேகிதருக்கும் இப்படி உள்ளங்கை அரிக்குதா?"

நான் சொறிவதை நிறுத்தினேன்.

அந்த அம்மாளுக்கு விளக்கிச் சொல்வதில் ஒரு ருசி உண்டு. காயல்பட்டினத்து மரைக்காயர் கதையைக் கேட்டுவிட்டு, "அவருக்கு வந்தது பொன்னுக்கு வீங்கியா இருக்கும். பெரிய ஆளுக்கு வந்தா அது சில சமயம் விதையில இறங்கி வீங்கி, நிரந்தரமாக் கெடுக்கும். டெங்கு அப்படிச் செய்யுறதா நான் பார்த்ததில்ல" என்றார். ஆனால் எந்தக் கடுமையான காய்ச்சலும் விந்தணு உற்பத்தியைக் கொஞ்ச காலம் குறைக்குமாம். அந்த இடம் உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை நடக்குமாம். அதனால்தான் வெளியே தொங்குகிறது. ஆண்டவர் ஏன் இவ்வளவு முக்கியமான சாமானை இப்படிப் பாதுகாப்பில்லாத இடத்தில் வைத்தார் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நாற்பது வயதில் பதில் கிடைத்தது.

"அப்ப இது லாக்அவுட்டா, ஸ்டிரைக்கா?" என்று கேட்டேன்.

"ஸ்டிரைக். அணு உண்டாகி வெளிய வர ரெண்டரை மாசம் பக்கம் ஆகும். அதனால மூணு மாசம் போகட்டும், தானா வேலைக்குத் திரும்பும்."

"சோதிச்சுப் பாக்க முடியாதா?"

"முடியும். இப்பப் பார்த்தா குறைவாத்தான் இருக்கும். பார்த்துட்டுப் பயப்படுவீங்க."

பயப்படவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க அவர் ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்ததை, எப்படி என்று இங்கே எழுதப் போவதில்லை, கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். நான் பின்னால் நின்று கழுத்தை நீட்டிய நீட்டில் அலுத்துப்போய், "பாருங்க, ஒரு கண்ணால" என்று எழுந்துகொண்டார்.

பார்த்தேன். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வட்ட வெளிச்சம். அதில் தலையும் வாலுமாகச் சில நீந்திப் போயின. சில நின்ற இடத்திலேயே சுற்றின. பல சும்மா கிடந்தன, சாப்பாட்டு நேரத்து ஷெட்டில் ஆட்கள் கிடக்கிற மாதிரி. இவ்வளவு காலம் எனக்குள்ளேயே குடியிருந்துகொண்டு ஒரு நாளும் முகம் காட்டாதவர்கள்! பயத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன்னால் மேசையில் கோடு போட ஆரம்பித்தது.

"அதை எண்ணுறது உங்க வேலை இல்ல" என்றார் டாக்டரம்மா. "குறைவுதான். மூணு மாசம்."

சத்தியத்தை வாசற்படியிலேயே விட்டுவிட்டு வீடு வந்தேன். குசினியில் என் மனைவி சாளை மீனை வறுத்துக்கொண்டிருந்தவள், சட்டியை இறக்கிவைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

நான் இப்போது விஞ்ஞானம் கற்றவன். "அது காச்சலோட வேலை. சில பேருக்கு முந்தி வரும், அதிகமாப் போகும். சில பேருக்குத் தள்ளும். வேற ஒண்ணும் இருக்க முடியாது. நான் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டுத்தான் வாரேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க மைக்ராஸ்கோப்பு என் வயித்தையும் பாத்துச்சாக்கும்?"

அடுத்த மாதமும் தள்ளிப்போனது. டாக்டரம்மா சோதித்துவிட்டுக் கை கழுவும்போதே சொன்னார், பிள்ளைதான் என்று. எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் வாதம் வந்தது. "நீங்கதானே குறைவுன்னு சொன்னீங்க?"

"நீங்க பார்த்தது காய்ச்சலுக்குப் பின்னால உள்ளது. இந்தக் கப்பல் காய்ச்சலுக்கு முந்தியே கிளம்பிட்டு."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. என் மனைவி அதை எனக்கு முன்னால் கவனித்துவிட்டாள். "அப்ப எனக்குக் காச்சல் அடிக்கும்போது இது உள்ள இருந்திருக்கு, இல்லையா டாக்டர்?"

"இருந்திருக்கு."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜெர்மன் அம்மை என்று ஒன்று உண்டு, அது முதல் மாதங்களில் வந்தால் பிள்ளையின் கண்ணையும் இதயத்தையும் பாதிக்கும். டெங்கு அப்படிச் செய்ததாக அவர் படித்ததில்லை. ஆனால் காய்ச்சலே சில சமயம் கலைத்துவிடும். பிரசவ நேரத்தில் வந்தால் ரத்தப்போக்கு பயம், அது நமக்கு இல்லை. "கொஞ்சம் தெரியும், நிறையத் தெரியாதும்மா. கரு நின்னுட்டுன்னா பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். ரத்தம் பட்டா மட்டும் உடனே வந்திரணும்."

நான்கு டிரம்மையும் அன்று சாயங்காலமே கவிழ்த்துக் கொட்டித் தேய்த்தேன். தேய்த்த பிறகு, தண்ணீர் பிடித்து, வேட்டியைக் கிழித்து வாயை இறுக்கிக் கட்டினேன். தெருவே பார்த்தது. "தண்ணிக்கு வேட்டி கட்டி விடுதான் பாரு" என்றார்கள். தண்ணீரும் கட்டட்டுமே.

ஒரு மத்தியானம் அவள் கதவருகே நின்று, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில், "கொஞ்சம் பட்டிருக்கு" என்றாள்.

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று கிடைத்தது. ஏறி உட்கார்ந்து, "டாக்டரம்மா வீட்டுக்கு, சீக்கிரம்!" என்றேன். அந்த ஆளும் உயிரைக் கொடுத்து மிதித்தார். தெரு திரும்பி, சந்தைப் பக்கம் போன பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அண்ணாச்சி, நோவு யாருக்கு? ஒங்களுக்கா?"

திரும்பி வந்தபோது அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு வந்துட்டியளா? டாக்டர் என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். பிறகு என் சட்டை உள்புறம் வெளிப்புறமாக இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபோதும் இரண்டு கையும் வயிற்றை விட்டு அகலவில்லை. அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் என் பயத்துக்குச் சரியான முகவரி கிடைத்தது. அதுவரை நான் பயந்ததெல்லாம் எனக்காகத்தான்.

அதே வண்டியில் அவளைக் கூட்டிப் போனேன். ரத்தம் நின்றது. ஆனால் உள்ளே இருப்பது இருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது, படுத்தே இருக்க வேண்டும், ஐந்தாம் மாதம் தாண்டட்டும், இதயம் துடிக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அவள் படுத்துக்கொண்டே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தையலைத் திருத்தினாள். நான் குசினிக்குப் போனேன். கருகாத சோறு எப்படி வடிப்பது என்பது அந்த வருஷம் நான் ஆராய்ந்த இன்னொரு விஷயம். டீக்கடையில் விஞ்ச் அண்ணாச்சி, "என்னலே, ஒரு பகிடியும் காணோம்?" என்று கேட்டுவிட்டு, அவராகவே எனக்கு ஒரு டீ சொன்னார்.

கேட்டுப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டரம்மா அலமாரியிலிருந்து ஊதுகுழல் மாதிரி ஒரு மரக்குழலை எடுத்தார். அகன்ற வாயை என் மனைவியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை அழுத்தினார். குழலைக் கையால் பிடிக்கவில்லை, கை உரசினால் அந்தச் சத்தமும் சேர்ந்து கேட்குமாம். ஒரு இடம். கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம். இடுப்புப் பக்கமாக இன்னொரு இடம். என் மனைவி மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. அருள் நிறைந்த மரியே சொல்கிறாள் என்று தெரிந்தது.

"இருக்கா?" என்றேன்.

டாக்டரம்மா விரலை உயர்த்தினார். அப்படியே குனிந்திருந்தார். பிறகு தலையை எடுக்காமலே கண்ணை மட்டும் என் மனைவி பக்கம் திருப்பி, இருக்கிறது என்று இமையை மெல்ல மூடித் திறந்தார்.

நான் கேட்காமல் விடுவேனா? முரண்டு பிடித்து மண்டியிட்டுக் காதை வைத்தேன். தடதடதடவென்று அடித்தது. "கேக்கு! குதிரை மாதிரில்லா ஓடுது!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா என் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். "அது உங்க இதயம். பயத்துல ஓடுது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா கேளுங்க."

மூச்சைப் பிடித்தேன். முதலில் அவள் வயிறு கடமுடவென்றது, காலையில் நான் வைத்த கஞ்சியாக இருக்கும். பிறகு என் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதற்கும் அடியில், கரையை விட்டு வெகுதூரம் போய்விட்ட விசைப்படகின் எஞ்சின் மாதிரி, லேசாக, வேகமாக, நிற்காமல், யாரையும் சட்டை செய்யாமல்…

"என்னங்க, கேக்கா? எப்படி இருக்கு? சொல்லுங்களேன்" என்றாள் என் மனைவி.

"சும்மா கிட, ஏளா" என்றேன். "கேட்டுட்டு இருக்கேன்லா."