சிவப்பு விளக்கும் என் கட்டை விரலும்

போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு வேனில் போகும். அதுதான் எங்கள் பிழைப்பில் பாதி. வேன் ஓட்டிய என் கணவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடி, இனி வண்டியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வைத்தால் கட்டுபடியாகாது. நான் லைசென்ஸ் எடுத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

வீட்டில் என்னை அஷ்டாவதானி என்பார்கள். காதில் இயர்போன், அடுப்பு மேடையில் சீரியல், கையில் போன், நடுவில் சாம்பார். அதில் எனக்குப் பெருமை வேறு. நாலு வேலையை ஒன்றாகப் பார்க்கிறவளுக்குக் கார் ஓட்டுவது என்ன பிரமாதம் என்றுதான் போனேன்.

இரண்டு தடவை ஃபெயில். இரண்டுக்கும் ஒரே காரணம். சிவப்பு விளக்கில் நிற்பேன், பச்சை விழுந்தது தெரியாது. பின்னால் ஹார்ன் அடித்ததும் பதறிப்போய் கிளட்ச்சை விட, எஞ்சின் அணைந்துவிடும். இத்தனைக்கும் போன் கைப்பையில், கைப்பை பயிற்சி மைய லாக்கரில். கவனம் எங்கேதான் போகிறது என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டாவது முறை கடைப் பின்வாசலில் நின்று அழுதுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அடுத்த வகுப்பில் ஒரு சிக்னலில் நின்றோம். ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் தம்பி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்க கட்டை விரலைக் கொஞ்சம் பாருங்க லா. யாருக்கு லைக் போட்டுக்கிட்டு இருக்கீங்க?”

குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங்மேல் என் வலது கட்டை விரல் அது பாட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. போன் இல்லாமலே போன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து காத்திருக்கும் இடத்தில் எல்லாம் போனைத் தொடுவதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். பஸ் ஸ்டாப், லிஃப்ட், சோறு வேகும் நேரம், எங்கேயும் சும்மா நின்றேன். முதல் வாரம் கை நமநமவென்றது. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் சீன ஆன்ட்டி, போன் ரிப்பேரா என்று அக்கறையாக விசாரித்தார். கடையில் ஒருவர் சாம்பார் பிரமாதம் என்றார். அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது டெஸ்ட். பக்கத்தில் அதிகாரி. சிவப்பு விளக்கில் நின்றேன், விரல் அசையவில்லை. பச்சை விழுந்த அந்த நொடியே பார்த்துவிட்டேன். ஆனால் இடதுபக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. சாப்பாடு டெலிவரி செய்கிற பையன். கண் முழுக்க ஹேண்டில்பாரில் மாட்டிய போனில். பின்னால் ஹார்ன் அலறியது. நகராமல் நின்றால் பழைய கதைதான், மறுபடியும் ஃபெயில். போனால் போகட்டும் என்று பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் என் வண்டிக்கு முன்னாலேயே கடந்து போனான், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன்பிறகே வண்டியை எடுத்தேன், எஞ்சின் அணையவில்லை.

எல்லாம் முடிந்து உட்கார வைத்து, அந்த சைக்கிளைப் பார்த்து நின்றது ரொம்பச் சரி என்றார் அதிகாரி. பாஸ்! வெளியே வந்து, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கணவரிடம் போனில் கத்தினேன்.

மறுவாரமே வேனை நான் எடுத்தேன். கணவர் பக்கத்தில், பின்னால் சாப்பாடு. சிராங்கூன் ரோடு சிக்னலில் அவர், “பச்ச விழுந்து...” என்று ஆரம்பிப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. மிச்சத்தை முழுங்கிவிட்டுச் சிரித்தார்.

இன்றும் சிவப்பு விளக்கில் நின்றால் ஒரு தடவை என் கட்டை விரலைப் பார்த்துக்கொள்கிறேன். அது சும்மா இருக்கக் கற்றுக்கொண்டதால்தான் எங்கள் கடை இன்னும் திறந்திருக்கிறது, ஒரு தாயின் பிள்ளையான அந்த சைக்கிள் பையனும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறான்.