பனிச்சரிவில் கம்பெனி ஷூ

நெய்வேலி நகரியத்தில் பனிமலைக்குப் போக நினைக்கிற யாரும் வைத்திலிங்கத்தைப் பார்க்காமல் டிக்கெட் போட்டதில்லை. அப்படித்தான் அவர் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த நினைப்பைச் சொல்லும்போது அவரே தலையில் அடித்துக்கொள்கிறார். "கத்திரி வெயில்ல டீக்கடை வாசல்ல நின்னுகினு ஐஸு மலைக்கு வழி சொன்ன ஆளு நானு" என்பார். இந்தக் கதை முழுக்க அவர் தன்னைத்தானே வாரிக்கொண்டு சொன்னதுதான். நம் பங்குக்கு நாமும் வார வேண்டிய அளவுக்கு அதில் மிச்சம் வைக்கவில்லை மனிதர்.

சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். பதினேழு வருஷம் கான்ட்ராக்ட் ஆளாகச் சுரங்கத்துக்குள் போய், ஓடுகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை அள்ளிப் போட்டவர். பர்மனென்ட் ஆனபோது வயது நாற்பத்தெட்டு. குவார்ட்டர்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி அட்டை வந்தது. ஆனால் அவர் மனசை அள்ளியவை இரண்டே இரண்டு. ஒன்று, இரும்பு முனை வைத்த கம்பெனி ஷூ. தன் பெயரையும் கால் அளவு எட்டு என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்து அவர் வாங்கிய முதல் ஷூ அதுதான். இன்னொன்று எல்.டி.சி. என்கிற பயணச் சலுகை. குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், பயணச் செலவு கம்பெனியுடையது.

மற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று யோசிப்பார்கள். வைத்திலிங்கம் மணாலி என்றார். ஆயுசுக்கும் அனலிலும் கரித்தூளிலும் வெந்தாயிற்று, ஒரு தடவை உறைந்துதான் பார்ப்போமே என்று ஆசை. மகள் மணிமொழிக்கு அப்போது கல்லூரியில் தேர்வு. அதனால் அவரும் மனைவி தனமும் மட்டும் போனார்கள்.

அங்கே நடந்தது இதுதான். மணாலியிலிருந்து சோலாங் பள்ளத்தாக்குக்கு ஏறுகிற வழியெல்லாம் பனி உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற கடைகள். உடம்பு முழுக்க மூடுகிற பஞ்சு உடுப்பு, முழங்கால் வரை பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி. தனம் எல்லாவற்றையும் வாங்கி மாட்டிக்கொண்டாள். வைத்திலிங்கம் உடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு பூட்ஸைத் தள்ளி வைத்தார்.

"மேல கல்லு வுழுந்தாலே தாங்கற ஷூ இது. பனி இன்னா பண்ணிடும்?" என்றார்.

"கடைக்காரன் சொல்றானில்ல, மாட்டிகினு வாங்களேன்" என்றாள் தனம்.

"அவன் வாடகைக் காசுக்காக சொல்றான்" என்று முடித்துவிட்டார். கார் டிரைவரும் அவர் ஷூவைத் தட்டிக் காட்டி இந்தியில் என்னென்னவோ சொன்னான். வைத்திலிங்கத்துக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். அதையே திருப்பிச் சொன்னார்.

பனியில் இறங்கினார்கள். பத்து நிமிஷம். இரும்பு குளிரை உறிஞ்சி விரலுக்குக் கொடுக்கும் என்பது சுரங்கத்தில் இத்தனை வருஷம் இரும்போடு புழங்கியவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் அதே ஷூமுனை சுடுகிறதென்று எத்தனை நாள் திட்டியிருக்கிறார். ஆனால் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. முதலில் விரல்கள் எரிந்தன, பிறகு குத்தின, பிறகு இருக்கிற சுவடே தெரியவில்லை. டிரைவர் ஓடி வந்து அவரைத் தோளில் தாங்கிக் காருக்குக் கொண்டுபோனான். ஷூவைக் கழற்றி, ஈரமான சாக்ஸை உருவி, காலைக் கம்பளியில் சுற்றினான். வைத்திலிங்கம் விரல்களைத் தேய்க்கப் போனபோது, தேய்த்தால் புண்ணாகும் என்று சைகை காட்டிக் கையைத் தட்டிவிட்டான். அப்புறம் மூன்று மணி நேரம் மனிதர் பனிமலையைக் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடியிலும் ஆவி படிந்திருந்தது.

அந்த மூன்று மணி நேரத்தில் தனம் பனிச்சறுக்குக் கட்டையில் ஏறினாள். குறிஞ்சிப்பாடி தாண்டித் தனியாக பஸ் ஏறாதவள், கையில் இரண்டு கோலைப் பிடித்துக்கொண்டு சரிவில் வழுக்கினாள். சொல்லிக் கொடுத்த பையன் அவள் போனிலேயே ஒரு படம் எடுத்தான். குல்லா, கண்ணாடி, மூக்கு வரை மஃப்ளர். ஆள் யாரென்று பெற்ற தாய்க்கே தெரியாது.

வினை அங்கேதான் பிடித்தது. ஊர் திரும்பியதும் அந்தப் படத்தைப் பெரிசாகப் போட வைத்திலிங்கம் ஸ்டுடியோவுக்குப் போனார். ஸ்டுடியோக்காரர் தனகோட்டி படத்தைப் பார்த்து வாய் பிளந்தார்.

"பிரமாதமா நிக்கறாப்புல இருக்கே. யாருங்க, நீங்களா?"

இல்லை, என் சம்சாரம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர், அவர் கான்ட்ராக்ட்டில் இருந்தபோது பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் 'ஏய்' என்று கூப்பிட்டவர்கள். "நாந்தாங்க" என்று வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க வைத்திலிங்கத்துக்குத் தொண்டை இல்லை.

படம் ஹாலில் ஏறியது. ஆள் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறாரே என்று கேட்டவர்களிடம், "பனியில காலு பொதஞ்சிடும்ங்க" என்றார். தனம் கேட்டுக்கொண்டே காபி ஆற்றினாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு இந்த மனுஷனை நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாளாம். இதை அவள் சொன்னது வெகுகாலம் கழித்து.

பொய் என்றால் அதற்குத் தினம் தீனி போட வேண்டும். முதல் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப் டீக்கடையில் யோசனை கேட்க ஆள் வரத் தொடங்கியது. "தேங்காண்ணெய எடுத்துகினு போவாதீங்க, கல்லாட்டம் கெட்டியாயிடும்." "போன உள்பாக்கெட்ல வைங்க, குளுர்ல சார்ஜி நிக்காது." "போன அன்னிக்கே மலை மேல ஏறாதீங்க, மூச்சு வாங்கும், ஒரு நாளு படுங்க." எல்லாம் சரியான யோசனைகள்தான். காரில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு இவ்வளவு தெரியாதா?

கடைசியில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நம்ம கம்பெனி ஷூ தாங்குமாண்ணே?" தாங்காது என்றால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். "அருமையா தாங்கும்" என்றார்.

அவரோடு அதே ஷிப்டில் இருக்கிற ராஜாங்கம் முதலில் அந்த ஷூவோடு காஷ்மீரில் குல்மார்க் போனார். வைத்திலிங்கம் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தார். ராஜாங்கம் திரும்பி வந்து, "சூப்பரா தாங்குச்சிண்ணே" என்றார். வைத்திலிங்கத்துக்கு மயக்கமே வந்தது. பிறகு இன்னும் மூன்று குடும்பங்கள் போய் வந்தன. எல்லாருமே சூப்பர். கொஞ்ச நாளில் அவருக்குத் தன் விரல்கள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஊரே நடந்து வந்திருக்கிறது, என் விரல்தான் சோடை போல என்று குளிக்கும்போது குனிந்து பார்த்துக்கொள்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததுதான் இந்தப் பொங்கலுக்கு வந்து முட்டியது. மணிமொழி இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். பொங்கல் முடிந்து அடுத்த வாரம், கூட வேலை பார்க்கும் பெண்களோடு இமயமலையில் இருக்கிற அவுலியில் ஐந்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போகிறாள். ஹாலில் பையை விரித்துப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, ஒங்க ஷூ மாதிரியே என் சைஸுல ஒண்ணு கடைத்தெருவுல வாங்கிட்டேன். இதே போதும்ல?"

வைத்திலிங்கம் குனிந்து அந்த ஷூவின் முனையைத் தட்டிப் பார்த்தார், இரும்புதான்.

"அங்கயே வாடகைக்குக் குடுப்பாங்கம்மா" என்றாள் தனம், அடுப்படியிலிருந்து.

"சும்மா இரும்மா. நீதான் குளுருதுன்னு எறங்காம காருக்குள்ளயே உக்காந்துகினு இருந்தியாமே. அப்பா போட்டுப் பாத்தவரு."

ஆமாம். அதையும் அவர்தான் சொல்லியிருந்தார். அம்மா எங்கே இருந்தாள் என்று மகள் என்றைக்கோ கேட்டபோது, சறுக்கினவரைக் காரில் உட்கார வைத்தால் காரில் இருந்தவர் சறுக்கலாம் என்று கணக்கை நேர் செய்திருந்தார். தனம் அடுப்படி நிலையில் வந்து நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பார். அதில் கோபமே இல்லை.

"கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தார். ஐந்து நாள். பத்து நிமிஷத்துக்கே தன் விரல் என்ன பாடுபட்டதென்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்திலும் மனிதருக்கு உண்மையைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தோன்றியது பாருங்கள். ராஜாங்கத்தை விட்டுச் சொல்லச் சொன்னால்?

நாலு பிளாக் தள்ளி ராஜாங்கத்தின் குவார்ட்டர்ஸ். அவர் வாசலில் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தார்.

"ராஜாங்கம், ஒரு ஒத்தாச. எம்பொண்ணு கம்பெனி ஷூ மாதிரி ஒண்ணு வாங்கிகினு பனிக்கு போவுது. அது பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒத்து வராதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்."

ராஜாங்கம் தண்ணீர்க் குழாயை மூடினார். பிறகு செருப்பிலிருந்து வலது காலை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் கோணலாக முளைத்திருந்தது.

"ஆம்பளைங்களுக்கே ஒத்து வரலண்ணே. நகம் கயண்டு வுழுந்து புதுசா மொளச்சுது இது. கால் மணி நேரம் கூட நிக்கல நானு. பூரா நாளும் ஓட்டல் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல கெடந்தேன்."

"சூப்பரா தாங்குச்சின்னு சொன்னியே."

"நீங்க அந்த ஷூவப் போட்டுகினு சறுக்கிட்டே வந்திருக்கீங்க. என்னால நிக்கவே முடியலன்னு எப்டிண்ணே சொல்றது? அசிங்கமா இருக்காது?" காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டே சொன்னார்: "மத்த மூணு பேரும் அப்டித்தான். என்கிட்ட வந்து கேட்டாங்க, ஒனக்கு மட்டும் எப்டிடா தாங்குச்சின்னு."

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நெய்வேலியிலிருந்து ஐந்து குடும்பம் பனிமலைக்குப் போய் ஐந்து ஆம்பளையும் உள்ளே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள், ஒருத்தர் பெருமைக்கு ஒருத்தர் விரலைக் கொடுத்துவிட்டு. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று கண்ணில் நீர் கட்டியது. இந்த நாலு பேர் விரலுக்கும் தன் வாய்தான் காரணம். அடுத்து பெற்ற பெண் நிற்கிறாள்.

"நானும் நிக்கல ராஜாங்கம்" என்றார். "அந்தப் படத்துல இருக்கறது நானே இல்ல." சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். எதிர்காற்று என்றாலும் வந்ததைவிடச் சீக்கிரம் வீடு வந்தது.

மணிமொழி பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். ஷூ மேலாக இருந்தது. வைத்திலிங்கம் நேரே சுவருக்குப் போய்ப் படத்தைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார்.

"இது நான் இல்லம்மா. ஒங்கம்மா. காருக்குள்ள கெடந்தது நானு. அந்த ஷூ பத்து நிமிஷங்கூடத் தாங்கல. வெலக்கி வை அத."

மணிமொழி படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்பாவைத் திட்டுவாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எப்டிம்மா இருந்துச்சு?"

நாலு வருஷத்தில் தனத்திடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. தனம் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தடவ வுழுந்தேன். மூணாந்தடவ நின்னுட்டேன். நின்னுகினே கீழ வரைக்கும் வந்தேன்டி" என்றாள். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. "வுழப்போறன்னு தெரிஞ்சா பக்கவாட்டுல வுழு, பின்னால உக்காராத. பருத்தி பனியன் வாணாம், வேர்த்து நனைஞ்சா குளுரு உள்ள போயிடும், கம்பளிதான். சாக்ஸு ஈரமானா அப்பவே மாத்திடு, ஒரு ஜோடி உள்பாக்கெட்லயே வச்சிக்க. பூட்ஸ இறுக்கிக் கட்டாத, வெரலு உள்ள அசையணும். கண்ணாடிய மட்டும் கழட்டாத. அந்தப் பையன் போட்டோவுக்குக் கழட்டச் சொன்னான், வெயிலு பனியில பட்டுக் கூசுச்சி, மாட்டேன்னுட்டேன்."

வைத்திலிங்கம் அலமாரியிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினார். டீக்கடைக்கு இனி இந்தத் தாள்தான் போகும். யார் சொன்னது என்று தலைப்பில் பெரிசாகத் தனத்தின் பெயரையும் போட்டார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், பஸ் ஸ்டாப் முழுக்கச் சிரிக்கும். சிரிக்கட்டும், நாலு வருஷப் பாக்கி இருக்கிறது.

"கீழ வந்து நின்னதும் திரும்பிப் பாத்தேன்" என்றாள் தனம், இப்போது மகளிடம் அல்ல. "எல்லாரு வூட்டு ஆளுங்களும் நின்னுகினு கை தட்டுனாங்க. ஒங்களக் காணல."

"கால் மரத்துப் போச்சி தனம்."

"தெரியும். அதுக்குச் சொல்லல. படத்துல நீங்க இருந்துக்கங்க, எனக்கு அது பெரிசில்ல. கார்ல இருந்தது நான்னு பொண்ணுகிட்டயே சொன்னீங்களே, அதான் வலிச்சிது."

"தப்புதான்" என்றார்.

தனமே சொன்னாள். "அடுத்த எல்.டி.சி.க்கும் அங்கதான் போறோம். நான் திரும்பிப் பாக்கறப்ப நீங்க வெளிய நிக்கணும்."

வைத்திலிங்கம் தலையாட்டினார். தாளில் கடைசி வரிக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'வாடகை பூட்ஸ், அளவு எட்டு' என்று எழுதிவைத்தார்.