பீடியை விட்ட ஐந்தாம் நாள்

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். தினமும் இரண்டு கட்டு பீடி. காலையில் இருமினால் கண் இருட்டிவிடும். மேசையில் எனக்குத் துணி விரித்துக் கொடுக்கும் பெண்தான் விடச் சொல்லி நச்சரித்தாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவள். புருஷனை இருமலுக்குப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருந்தாள். நான் விட்ட நாளிலிருந்து தினமும் ஒரு பொட்டலம் நெல்லி வற்றல் கொண்டுவந்து வைப்பாள். வாய் நமநமத்தால் அதை மெல்ல வேண்டும்.

விட்டுப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். தூக்கம் போயிற்று, வயிறு கட்டிக்கொண்டது. யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுந்தேன். எதற்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பனியன் துணி ரோலில் இழுபட்டு வரும். பிரித்து ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தரும் விஷயம் இது. ஐந்தாம் நாள், பிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத துணியில் வெட்டும் மெஷினை வைத்தேன்.

"அண்ணாச்சி, துணி இன்னும் ஆறலியே. சுருங்கிரும்லா" என்றாள்.

"எனக்கே பாடம் நடத்தறியா? வாய மூடிட்டு விரி."

மறுநாள் தைத்து வந்த பனியன் எல்லாம் இரண்டு விரல் குட்டை. முதலாளி ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"ஏனுங்க மாஸ்டர், துணிய ஆறப்போட்டீங்களா இல்லீங்களா?"

"ஆறிருச்சுன்னு இந்தப் புள்ளதானுங்க சொல்லுச்சு."

பீடி இல்லாத படபடப்பில் வாய் தவறிவிட்டது என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். வேலை போய்விடுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான். என் பேச்சுக்கு முன்னால் அவள் பேச்சு எடுபடாது என்று இருவருக்கும் தெரியும். அன்றோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். அன்றைய பொட்டலத்தை வழக்கம்போல மேசையில் வைத்தாள்.

"பீடியத் திரும்பத் தொட்டுராதீய அண்ணாச்சி."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்றுவரை தொடவில்லை. எப்படி விட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் நெல்லி வற்றல் என்று சொல்கிறேன். யார் கொடுத்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.