நாற்பத்து நான்காவது படி

பெடலை மிதித்துக்கொண்டிருந்த கால் சட்டென்று நிற்கிறது. வாயில் நான்கு குண்டூசிகள், கண் கூரையில். சுவருக்குப் பின்னால் கம்பிக்கயிறு முனகிக்கொண்டு ஏறுகிறது. மூன்றில் நிற்கவில்லை. நான்கிலும் நிற்கவில்லை. "அஞ்சு" என்கிறாள், குண்டூசி ஒன்றுகூடக் கீழே விழாமல். பிறகு மறுபடியும் பெடல். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவையாவது இது நடக்கும்.

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடித் தையல்காரி அவள். என் வாசலுக்கு நேர் எதிரே அவள் வாசல். பகல் முழுக்க இரண்டு கதவுகளும் திறந்தே கிடக்கும். ஆகவே நான் எழுதுவதில் பாதிக்கு மேல் உண்மை. லிஃப்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கயிற்றின் முனகலை வைத்தே சொல்லிவிடுவாள். ஒருமுறை, "ரெண்டு பேரு, ஒரு பூனை" என்றாள். நானும் மெனக்கெட்டு மேலே ஏறிப் போய் விசாரித்தேன். பூனைதான். சினையாக இருந்ததை மட்டும் அவள் சொல்லத் தவறிவிட்டாள்.

ஐந்து என்றால் ஐந்தாம் மாடி. அங்கே இருப்பவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் இங்கே குடிவந்தார்கள். மூத்தவர் என்ற உரிமையில் அண்ணன் இரண்டாம் மாடியை எடுத்துக்கொண்டார். தம்பிக்கு மிஞ்சியது மொட்டைமாடிக்கு அடியில் இருந்த அடுப்பு. வெயில் காலத்தில் அந்த வீட்டுச் சுவரில் துணியை வைத்து அழுத்தினால் இஸ்திரி ஆகிவிடும். சிரிக்காதீர்கள், ஒரு கைக்குட்டையை நானே அப்படி மடித்து எடுத்து வந்திருக்கிறேன். நூற்றுப்பத்துப் படி ஏறி அங்கே யார் போவார்கள்? தையல்காரிக்கு ஓரகத்தியின் மேல் அப்போதெல்லாம் கொள்ளைப் பிரியம். "பாவம், மேல தனியா வேகுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். ஒருத்திக்காகப் பரிதாபப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. பதினாறு வருஷம் அதைக் குறைவில்லாமல் அனுபவித்தாள்.

எங்கள் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிக்கு இருபத்திரண்டு படி. இருபத்திரண்டு ஏறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அறுபத்தாறு ஏறுவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். நாற்பத்து நான்காவது படியில், சரியாக அவள் வாசலில், மனித நுரையீரல் கையெடுத்துக் கும்பிடும். அந்த இடம் பார்த்துச் சுவரோரமாக ஒரு மர பெஞ்சைப் போட்டாள். பக்கத்தில் ஒரு ஜாடித் தண்ணீர், இரண்டு தம்ளர். அவ்வளவுதான் முதலீடு. மூன்றாம் மாடியும் நான்காம் மாடியும் தினமும் இரண்டு வேளை அதில் வந்து விழுந்தன. மூச்சு வாங்குகிறவன் முதலில் தண்ணீர் குடிப்பான், அடுத்தது மனத்தில் இருப்பதைச் சொல்வான். இவள் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவே வேண்டியதில்லை. இரண்டு கல்யாணங்கள் அந்த பெஞ்சில் நிச்சயமாயின. ஏழு வருஷம் முகம் பார்க்காதிருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் அங்கே உட்கார நேர்ந்து, சண்டை போடத் தெம்பில்லாமல் சமாதானம் ஆயின. மனிதர்கள் அன்பினால் கூடி வாழத் தொடங்கினார்கள் என்று நான் படித்த புத்தகங்களில் எழுதியிருந்தது. எங்கள் கட்டடத்தில் மூச்சு வாங்கியதால்தான் கூடினார்கள்.

அந்த பெஞ்சின் நிரந்தர உறுப்பினர் மூன்றாம் மாடி வாத்தியாரம்மா. பள்ளிக்கூடத்தில் நடந்தது, மாமியார் சொன்னது, மகள் சொல்லாமல் விட்டது எல்லாம் தன் வீட்டுப் பூட்டைத் திறப்பதற்கு முன் தையல்காரியின் காதில் இறங்கியாக வேண்டும். அவருடைய மகளுக்குக் கல்யாண உடுப்பைத் தைத்தது இவள்தான். "வாத்தியாரம்மா எங்கிட்டதான் மொதல்ல சொல்வாங்க" என்று இவள் சொல்லும்போது கழுத்தில் தொங்கும் அளவு நாடா ஒரு பதக்கம் மாதிரி இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் வந்தது. கம்பெனி ஆள் ஒருவர் சாக்கட்டியோடு வந்து, மாடிக்கு மாடி கதவு எங்கே வரும் என்று சுவரில் கோடு போட்டார். எங்கள் மாடியில் அந்தக் கோடு பெஞ்சுக்கு நேர் மேலே விழுந்தது. கொஞ்சம் தள்ளிப் போட முடியாது, தூண் இருக்கிறது என்றார். பெஞ்சை எடுத்தால்தான் கதவு. தையல்காரி வந்து பெஞ்சின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பெட்டி எங்க வேணும்னாலும் நிக்கட்டும். இங்க நிக்க வேணாம். நாங்க நடந்துக்கறோம்."

அந்த 'நாங்க'வில் நானும் இருந்தேன். கம்பெனி ஆள் என்னைப் பார்த்தார். என் முழங்கால்கள் ஒன்று சொல்லின, அவள் முகம் வேறொன்று சொல்லிற்று. என் துணி அப்போது அவளுடைய கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது. நடந்துக்கறோம் என்று நானும் சொல்லிவைத்தேன். ஆக, எல்லா மாடியிலும் கதவு வைத்த லிஃப்டுக்கு எங்கள் மாடியில் மட்டும் வெறும் சுவர். உயிருள்ள மனிதர்கள் அந்தச் சுவருக்குப் பின்னால் சாமான் மாதிரி மேலே போவதும் கீழே வருவதுமாக இருக்கிறார்கள். பெஞ்சு பத்திரமாக இருக்கிறது. உட்காரத்தான் ஆள் இல்லை.

இரும்புப் பெட்டிக்குள் யார் போய் நிற்பார்கள், அலமாரி கட்டில் ஏற்றத்தான் அது உதவும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். முதல் வாரமே வாத்தியாரம்மா அதில் ஏறிவிட்டார். இரண்டாம் வாரம் கட்டடமே மொட்டைமாடியைக் கண்டுபிடித்தது. சாயங்காலக் காற்று அங்கே எத்தனையோ காலமாக வீசிக்கொண்டுதான் இருந்தது. நூற்றுப்பத்துப் படி அதற்குக் காவல் இருந்தது. இப்போது பொத்தானை அமுக்கினால் காற்று. ஓரகத்தி அங்கே தொட்டிகளில் செடி வளர்த்து வைத்திருக்கிறாள். போதாக்குறைக்கு நாலு நாற்காலி வேறு போட்டாள்.

"காத்து என்ன அவ அப்பன் வீட்டு சொத்தா பெரியம்மா?" என்று என்னிடம் கேட்டாள் தையல்காரி. இல்லை என்றேன். "அப்ப எதுக்கு நாற்காலி போட்டு ஆள் புடிக்கறா?" என்றாள். தானும் பெஞ்சு போட்டவள்தான் என்பது அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருந்தது, சொல்லவில்லை. துணி இன்னும் அவளிடமே இருந்தது.

பொறாமை அவளைப் படிக்க வைத்தது என்றே சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷ அளவு நோட்டுகள் அவளிடம் உண்டு. மார்பு, இடுப்பு, கை நீளம், ஆள் வாரியாக, தேதியோடு. ஒரு நாள் அவற்றைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லிஃப்டுக்கு முன், லிஃப்டுக்குப் பின் என்று பிரித்தாள். மூன்றாம் மாடியின் இடுப்பு சராசரி ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. நான்காம் மாடி இரண்டு. அதே துணிகளின் தையலைப் பிரித்துப் பிரித்து அகலப்படுத்தியே அவளுக்கு வேலை அதிகமாகியிருந்தது. அதில் அவளுக்கு ஒரு துளியும் மகிழ்ச்சி இல்லை. "என் பெஞ்சுல உக்காந்தவங்க ஒருத்தர் இடுப்பும் ஏறல" என்று நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வாத்தியாரம்மா துணி கொடுக்க வந்தபோது அதே நோட்டை அவருக்கும் காட்டிவிட்டாள். வாத்தியாரம்மா அன்றிலிருந்து துணியை வேறு யாரிடமோ கொடுக்கிறார்.

போன மாதம் லிஃப்டின் கயிறு தேய்ந்துவிட்டது. மூன்று நாள் ஓடாது என்று கீழே அட்டை தொங்கவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட தையல்காரியின் முகத்தை நான் பார்த்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட வீடு மாதிரி ஆகிவிட்டாள். பெஞ்சைக் கழுவினாள். மிச்சத் துணிகளை ஒட்டி ஒரு மெத்தை தைத்துப் போட்டாள். ஜாடியை இரண்டு தடவை விளக்கினாள். தம்ளர் நாலாயிற்று. சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்காத ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே கதவு கிறீச்சிட்டது. வாத்தியாரம்மாவின் நடை. அவள் உதடு படிகளை எண்ணியது. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. நடை நின்றது.

மூன்று வருஷம் பெட்டியில் போய்வந்த கால்கள். முதல் மாடியிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. இதை நானும் எதிர்பார்க்கவில்லை, அளவு நோட்டு வைத்திருந்தவளும் எதிர்பார்க்கவில்லை. முதல் மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு காது முழுச்செவிடு, மறு காது பாதி. அவர் தன் வாசலில் சும்மா போட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வாத்தியாரம்மா உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு அன்று காலை பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். தபால்காரருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அதை மூன்று தடவை, தடவைக்குத் தடவை உரக்கச் சொன்னார். மூன்று தடவையும் படிக்கட்டு வழியாக ஏறி வந்து எங்கள் மாடியில் விழுந்தது.

பிறகு வாத்தியாரம்மா மீதிப் படிகளை ஏறி வந்தார். மூச்சு சீராகியிருந்தது, சொல்லவும் ஒன்றும் மிச்சமில்லை. "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று நடந்துகொண்டே கேட்டார். மெத்தையைப் பார்த்து, "அழகா இருக்கே" என்றார். போய்விட்டார். தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தபடி, "போயும் போயும் அந்தச் செவிட்டு மனுஷன்கிட்ட" என்றாள். மறுநாளும் அப்படியே. நான்காம் மாடிக்காரர்களும் கீழேயே மூச்சு வாங்கிப் பேசி முடித்துவிட்டு, வெறும் ஆட்களாக மேலே வந்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு நடை கேட்டது. முதல் மாடியில் தபால்காரர் உட்காரச் சொல்லியும் நிற்கவில்லை. முப்பது, நாற்பது என்று வந்து, எங்கள் வாசலில், பழைய கணக்குப்படி, நாற்பத்து நான்கில் நின்றது. ஓரகத்தி. ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் தொட்டிக்கு மண் நிரப்பிய பை. தினமும் குடம் குடமாக மொட்டைமாடிக்குத் தண்ணீர் சுமக்கிறவள். லிஃப்ட் அவளுடைய கால்களை ஒன்றும் செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. தானே ஊற்றிக் குடித்தாள்.

"ஒனக்கென்னம்மா," என்றாள் தையல்காரி, துணியைப் பார்த்தபடி. "கட்டடமே ஒன் வீட்டு வாசல்லதான் கெடக்கு."

"காத்துக்கு வர்றாங்க அக்கா. ஆளுக்கொரு மூலையில ஃபோனை வச்சுக்கிட்டு நிப்பாங்க. போறப்ப லைட்டை அணைச்சுடுன்னு மட்டும் சொல்வாங்க."

"வாத்தியாரம்மாவுமா?"

"அவங்க மககிட்ட பேசத்தான் வர்றாங்க. அங்கதான் சிக்னல் நல்லா கெடைக்குதாம்."

தையல்காரியின் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. ஓரகத்தியை முறைக்கலாம், கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடித் துண்டை எங்கே போய் முறைப்பது?

"அப்பல்லாம் நீங்க இங்க உக்காந்து சிரிப்பீங்க இல்ல, அது அஞ்சாவது வரைக்கும் கேக்கும்," என்றாள் ஓரகத்தி. "எதுக்கு சிரிக்கறீங்கன்னு மட்டும் கேக்காது. பாதிப் படி எறங்கி வந்து நின்னுருக்கேன். வயிறு எரியும்."

"வந்து உக்காந்திருக்க வேண்டியதுதானே."

"எறங்கி வர்றவளுக்கு எங்கக்கா மூச்சு வாங்குது? என்னத்தைச் சொல்லிக்கிட்டு உக்கார்றது? ஏறும்போது உக்காந்தா, பாவம் மேல வேகுதுன்னு நீங்க ஆரம்பிச்சுடுவீங்க."

இயந்திரம் நின்றிருந்தது. தையல்காரி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்குப் பின்னால் கயிறு முனகிற்று. கீழே கம்பெனி ஆள் லிஃப்ட் ஓடுகிறது என்று குரல் கொடுத்தார். மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

ஓரகத்தி எழுந்தாள். இன்னும் ஒரு மாடி ஏறினால் மூன்றில் பிடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே காய்கறிப் பையைத் தோளில் மாட்டினாள். தையல்காரியும் எழுந்து வெளியே வந்தாள். குனிந்து மண் பையைத் தூக்கினாள். மேலே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைத் தன் வீட்டுக்குள், வெட்டிப் போட்டிருந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து, பெஞ்சைக் கண்ணால் காட்டிக்கொண்டு நின்றாள்.