ரிஸ்கெல்தியின் இடது முழங்கால்

என் தம்பி ரிஸ்கெல்தி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வயதைத் தொட்டுவிட்டான். இதே நோய் இருந்த எங்கள் தாய்மாமன், பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காமல் பதினொரு வயதில் போனவர். எங்கள் மலையூர் நரினிலிருந்து தலைநகர் பிஷ்கேக்குக்கு வேன் ஓட்டுகிறான். இந்தக் கோடையில் மைத்துனன் கல்யாணத்தில் மூன்று பாட்டுக்கு ஆடினான். இடது முழங்காலில் பதினெட்டு மாதமாக ஒரு முறைகூட ரத்தம் கசியவில்லை. அந்தப் பதினெட்டு மாதத்தில் போடவேண்டிய ஊசி இருநூற்று முப்பத்து நாலு. தவறியது இரண்டு. இரண்டும் கணவாயில் பனி சரிந்து வழி அடைத்த நாள்கள்.

அவன் ரத்தத்தில் உறையவைக்கும் சத்து இல்லை. அடிபடாமலே மூட்டுக்குள் கசியும். திங்கள், புதன், வெள்ளி நரம்பில் மருந்து ஏற்றினால் கசியாது. அவனுக்கு ஒன்பது வயதில் நர்ஸிடம் நான் ஊசி போடக் கற்றேன். அதற்குப் பிறகு வேறு யாரையும் அவன் கையைத் தொட விட்டதில்லை, அவனையும் சேர்த்து.

கல்யாணப் பேச்சு வந்தபோது நோயைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்ததும் நான்தான். பெண் ஐசல்கினிடம் "கால்ல பழைய அடி" என்று மட்டும் சொன்னோம். மருந்து என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது. வாரம் மூன்று நாள் காலையில் அவன் என் வீட்டு ஐந்து மாடி ஏறி வரவேண்டும்.

வேன் நிலையத்தில் கேலி செய்வார்கள். "என்னடா, அக்கா வீட்டுக்குப் பால் குடிக்கப் போறியா?" ஐசல்கினோ, நான் அவளைப் பற்றிக் கோள் மூட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாள். அவன் வருவது குறைந்தது.

போனில் கத்துவேன். "டேய், இன்னிக்கு வெள்ளிக்கிழமை!"

"வலி ஒண்ணும் இல்லக்கா. திங்கக்கிழமை வரேன்."

"வலி வந்தப்புறம் வந்து என்ன பிரயோஜனம்?"

வைத்துவிடுவான். கத்தக் கத்த வருவது இன்னும் குறைந்தது. 2022 டிசம்பரில் 23ஆம் தேதிவரை பத்து ஊசி போட்டிருக்க வேண்டும். வந்தது நாலுக்கு.

24ஆம் தேதி சம்பந்தி வீட்டார் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். ஐசல்கினின் அம்மா உரிமையோடு குளிர்பெட்டியைத் திறப்பவர். அதனால் மருந்துப் பெட்டியை எடுத்து, குளிர்காலத்துக்கு அறுத்த குதிரை இறைச்சி மூட்டைகளுக்கு நடுவே பால்கனியில் ஒளித்தேன். வெளியே மைனஸ் இருபத்து நாலு. விருந்தாளிகள் இரண்டு இரவு தங்கினார்கள். திங்கள் காலை பெட்டியைத் திறந்தால் எல்லாம் உறைந்து, பாதிக் குப்பிகளில் விரிசல். ஒரு மாத மருந்து வீண்.

புதன்கிழமை கிளட்சை மிதித்து மிதித்து வந்தவனுக்கு முழங்கால் முலாம்பழம் அளவு வீங்கியது. படுக்கையிலிருந்து எழ முடியாமல்தான் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அன்று சாயங்காலமே அவள் என் வாசலில் நின்றாள்.

"ஏன் அண்ணி, நான் கட்டிக்கிட்டது உங்க தம்பியையா, அவரோட முழங்கால் ரகசியத்தையா?"

"சொன்னா உங்க வீட்டுல பொண்ணு குடுப்பாங்களாம்மா?"

"கேட்டுப் பாத்தீங்களா? எங்கப்பா நொண்டிக் குதிரைக்கே ஒரு வருஷம் கட்டுப் போட்டவர். மாப்பிள்ளைன்னா விட்டுடுவாரா?"



பிஷ்கேக் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த மூட்டில் இன்னும் ஒரு கசிவு வந்தால் கால் மடங்காது என்றார். கால் மடங்காவிட்டால் கிளட்ச் இல்லை, வேனும் இல்லை. வீணானதற்குப் பதிலாகப் பிப்ரவரியில் புது மருந்து வந்தது. ஐசல்கின் அதைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில், வெண்ணெய்க்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

"ஊசி நீ கத்துக்கோம்மா, நான் சொல்லித் தரேன்" என்றேன்.

"நான் பெண்டாட்டி, நர்ஸ் இல்ல. அவர் கை, அவர் ஊசி. நான் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறேன்."

ரிஸ்கெல்தி மேசையில் எல்லாவற்றையும் பரப்பினான். தண்ணீரைப் பொடியில் விட்டு, குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டினான். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கினான். முதல் குத்து நரம்பில் படவில்லை. இரண்டாவதும் நழுவியது. நெற்றி வியர்த்தது. என் கை தானாக நீண்டது.

"அண்ணி, கை மடியில."

"நேரமாகுதும்மா..."

"ஆகட்டும். வேன் நிலையத்துல போய், அக்கா வந்து காப்பாத்துனாங்கன்னு சொல்லவா?" என்றாள் அவனைப் பார்த்து.

"வாயை மூடு, நரம்பு பயப்படுது" என்றான். சிரித்தபடியே மூன்றாவது முறை குத்தினான். குழாயில் சிவப்பு ஏறியது, நரம்பு கிடைத்துவிட்டது. ஊசிக்குழலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினான். கடைசிச் சொட்டும் இறங்கியது. பிறகு ஐசல்கின் மேசையைத் தட்டி ஊளையிட்டாள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல் வீட்டைச் சூடேற்றும் குழாயில் தட்டினார்.

மருத்துவமனை கொடுத்த தாளில் தேதி, அளவு, ஊசி போட்டவர் கையெழுத்து என்று மூன்று கட்டம். வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். அவன் என் விரலிலிருந்து அதை உருவிக்கொண்டு, கட்டத்தை விட்டு வெளியே போகும்படி பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். கீழே தேதியை நான் சரிபார்த்தேன்: 2023 பிப்ரவரி 20, திங்கட்கிழமை.