தோற்றவர்களின் பஸ்

எங்கள் ஊரில் ஒருவன் எந்தக் கால்பந்துக் கிளப் என்று கேட்கத் தேவையில்லை. மாலையில் பதுளை பஸ் நிலையத்தில் அவன் எந்த பஸ்ஸில் ஏறுகிறான் என்று பார்த்தால் போதும். பசறைப் பக்கம் போகிறவன் நீலம். ஹாலிஎலப் பக்கம் போகிறவன் மஞ்சள். டவுனுக்குள்ளேயே வீடு வைத்திருப்பவன் இரண்டு பக்கமும் பேசுவான். அவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் நீலம். பிறந்த தோட்டத்து லய வீடு பசறை ரோட்டில். கட்டிக்கொடுத்ததும் அதே ரோட்டில், கொஞ்சம் மேலே. என் வீட்டுக்காரர் நீலத்தின் கோல் கீப்பர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, தலைமயிரெல்லாம் தேயிலைத் தூசியோடு பந்து பிடிக்கப் போவார். கல்யாணத்துக்கு முந்தியே அவரை மைதானத்தில் தெரியும். ஒரு நாள் அவர் கோட்டை விட்ட ஒரு பந்துக்காக நான் மேட்டிலிருந்து கத்திய கத்தலில் அவர் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எங்கள் காதல் கதை அவ்வளவுதான்.

வருடா வருடம் இரண்டு கிளப்பும் டவுன் மைதானத்தில் மோதும். அந்த மெட்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டுக்கு வெளியே இரண்டு பஸ் நிற்கும், ரோட்டுக்கு ஒன்று. ஜெயித்த ரோட்டின் பஸ் முதலில் கிளம்பும். கூரையில் கொடி, உள்ளே மேளம், டவுன் முழுக்க ஹோர்ன். அது வளைவில் திரும்பி மறையும்வரை தோற்றவர்களின் பஸ் எஞ்சினைக்கூட ஸ்டார்ட் பண்ணக்கூடாது. ஆட்கள் உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாக அத்தனை கூத்தையும் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ஹோர்ன்கூட அடிக்காமல் ஊர் போய்ச் சேர வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனால் அதை மீறிய ட்ரைவரை நான் பார்த்ததில்லை. கார் வைத்திருக்கிற பணக்காரன்கூட அன்றைக்கு பஸ்ஸில்தான் போவான். தோற்றுவிட்டுக் காரில் ஓடினால் அடுத்த வருடம்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

இரண்டு பஸ்ஸிலும் நான் போயிருக்கிறேன். ஜெயித்த பஸ்ஸில் போனால் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு வாரம் பேச்சு வராது. அந்த வாரம் என் வீட்டுக்காரருக்கு நிம்மதி. தோற்ற பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அப்புறம் மலை வெடித்தது.

விடாமல் மழை பெய்த ஒரு கார்த்திகையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் நிலம் பிளந்தது. முதலில் விரல் போகிற அகலம். பிறகு கால் போகிற அகலம். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் பாயைப் போட்டுக் கிடந்தோம். அங்கே கிடந்த மாதங்களைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும். கடைசியில் வீடு கொடுத்தார்கள். தனிக் குழாய், தனிக் கக்கூஸ். பொய் சொல்ல மாட்டேன், லயத்தைவிட நல்ல வீடு. ஆனால் அதைக் கொண்டுபோய் ஹாலிஎல ரோட்டில் கட்டியிருந்தார்கள். எங்கே வேண்டும் என்று எங்களிடம் ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

வீடுகளுக்குக் கீழே ஒரு தண்ணீர் டேங்க். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று நினைக்கிறீர்கள்? மஞ்சள் டீமில் கோல் அடிக்கிற பையன். பையன் என்றால் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன்தான். தினமும் சாயங்காலம் டேங்க் சுவரில் பந்தை அடிப்பான். டமார். டமார். அடுப்பில் இருக்கிற சட்டி அதிரும். என் வீட்டுக்காரர் வாசற்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“எதிரி அடிக்கிறத அப்பிடி என்ன ரசிச்சுப் பாக்குறீங்க?” என்று கத்துவேன்.

“நல்லா அடிக்கிறான் புள்ள,” என்பார்.

நான் வேலை செய்வது பதுளை பஸாரில் ஒரு புடவைக் கடையில். முதலாளியை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர்தான் மஞ்சள் கிளப்பின் தலைவர். வருடம் முழுக்க ஒன்றாகத் துணி மடிப்போம். மெட்ச் நெருங்கினால் நேருக்கு நேர் நின்று சண்டை போடுவோம். நான் வீடு மாறிய செய்தி கேட்ட அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் ஒரு கோப்பை பிளேன்டி வாங்கிக் கொடுத்தார்.

“மகள், இனி நீங்க எங்கட ஆள். மஞ்சள் கலர்ல நல்ல சாரி வந்திருக்கு, ஒண்டு எடுங்க.”

“அந்தச் சாரிய ஒங்க கோல் போஸ்ட்ல கட்டுங்க நானா. அப்பவாச்சும் பந்து நிக்குதா பாப்போம்.”

சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். “விளையாட்டுக்குச் சொல்லல்ல. ஒங்கட மாப்பிள்ளைய எங்களுக்குத் தாங்க. எங்கட கீப்பர் பந்தக் கண்டாக் கண்ண மூடுற மனிசன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதிரி ஆசைப்படுவது மரியாதைதான். என்னை எரிய வைத்தது எங்கள் ஆட்கள்.

மெட்சுக்கு டீம் எடுத்த அன்று என் வீட்டுக்காரர் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். “என்ன?” என்றேன்.

“என்னைய எடுக்கல. ரோடு மாறிருச்சாம்.”

மலை வெடித்த அன்று இதே மனிதர் தலையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு பகிடி விட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர். அன்றைக்குக்கூட அவர் முகத்தை நான் இப்படிப் பார்க்கவில்லை. சோற்றைத் தொடவில்லை. டேங்க் பக்கம் சத்தம் கேட்டும் தலையைத் திருப்பவில்லை. அடுத்த நாள் கடையில் லீவு சொல்லிவிட்டுப் பசறை பஸ்ஸில் ஏறினேன்.

நீலத்தின் செயலாளர் அந்த ரோட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். கடையின் பின்னறையில்தான் கிளப். உள்ளே கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளை உள்ளே வந்ததும் நாலு பேர் எழுந்தார்கள். உட்காரச் சொன்னேன்.

“யாருண்ணே சொன்னது எங்களுக்கு ரோடு மாறிருச்சுன்னு?”

“கோவப்படாத தங்கச்சி,” என்றார் செயலாளர். “எந்த பஸ்ல வீட்டுக்குப் போறானோ அந்த ரோட்டுக்குத்தான் வெளாடணும். நாம வச்ச சட்டந்தானே? மஞ்சள்காரன் நம்ம பயலுகள இழுத்துட்டுப் போகக் கூடாதுன்னு வச்சது.”

“எங்கள இழுத்துட்டுப் போனது மஞ்சள்காரன் இல்லண்ணே, மலை. எங்க, மலைக்கு ஒரு சட்டம் போடுங்க பாப்போம்.”

பின்னால் ஒருவன் சிரித்தான். செயலாளருக்கு முகம் சுருங்கியது. “இங்க பாரு. அவனுக மத்தியில குடியிருந்துக்கிட்டு நமக்குப் பந்து புடிச்சா ஊரு என்ன சொல்லும்? ஒரு கோல் விட்டாருன்னா, வேணும்னே விட்டாருன்னு நம்ம ஆளே சொல்லுவான்.”

ஆக, சட்டம் எல்லாம் சும்மா. உள்ளே இருந்தது சந்தேகம். எத்தனை வருடம் அந்த மனிதர் சேற்றில் விழுந்து எழும்பினார்? விரல் உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு விளையாடினார். நான் அப்போது சொன்னதில் பாதியை அச்சில் போட முடியாது. கடைசியில், சிரித்தவன்தான் சொன்னான்.

“சரி, வெளாடட்டும். ஆனா முடிஞ்சதும் நீலச் சட்டையோட மஞ்சள் பஸ்ல வீட்டுக்குப் போகட்டும். முடியுமாக்கா?”

“முடியும். நானும் வாறேன். நீலச் சேலையில.”

அறையே கூச்சல் போட்டது. செயலாளர் கையை உயர்த்தினார். “இந்த ஒரு மெட்ச். கோட்டை விட்டா அதோட சரி, அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெயித்தால் எதிரியின் பஸ்ஸில். தோற்றால் எதிரியின் மேளத்துக்கு நடுவில், கிளப்பும் இல்லாமல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

மெட்ச் நாள்! மைதானத்தின் ஒரு மேடு முழுக்க நீலம், எதிர் மேடு முழுக்க மஞ்சள். அந்தப் பக்கம் நானா மஞ்சள் குடையோடு நின்று என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் முந்தானையை உதறிக் காட்டினேன். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் எங்கள் ஆள் ஒருவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். நான் பக்கத்தில் இருந்தவளைத் தூக்கிவிட்டேன். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு உயிர் போனது. மஞ்சள் விடவில்லை. அலை அலையாக வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒன்றைக் காலால் தட்டினார். ஒன்றை நெஞ்சில் வாங்கினார். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நான் “கம்பமே, நீதான் சாமி” என்று கத்தினேன். மழை தூறியது. தரை வழுக்கியது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எங்கள் தடியன் ஒருவன் கோலுக்கு முன்னால் எதிரியின் காலை வாரிவிட்டான். விசில். பெனால்டி.

பந்தை வைத்தது டேங்க் சுவரில் அடிக்கிறவன்.

எனக்குப் பின்னால் ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. “பக்கத்து வீட்டுக்காரன். விட்டுருவாரு பாரு.” திரும்பினேன். “வாய மூடு. மூடாட்டி நான் மூடுவேன்.” திரும்பியபடியே நின்றால் ஆட்டத்தைத் தவறவிடுவேன் என்று மறுபடி முன்னால் பார்த்தேன்.

அவன் ஓடி வந்தான். கால் பந்தில் படும் முன்பே என் வீட்டுக்காரர் இடது பக்கம் பாய்ந்துவிட்டார். பந்து நேராக அவர் இரண்டு கைக்குள் போய் விழுந்தது! அவர் சேற்றில் குப்புறக் கிடந்து அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மேடே இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். என் செருப்பு ஒன்று எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

ஜெயித்தோம். செயலாளர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பையன்கள் தோளில் தூக்கினார்கள். தூக்கிக்கொண்டு நேராக எங்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். “எறக்குங்கடா. சொன்ன சொல்லு இருக்கு.”

மஞ்சள் பஸ்ஸின் வாசலில் கண்டக்டர் கையைக் குறுக்கே வைத்தான். “ஒங்க பஸ் அந்தப் பக்கம்க்கா. கொட்டுச் சத்தம் கேக்கலையா?”

“வீடு இந்தப் பக்கம்ப்பா. வழிய விடு.”

ஒற்றைச் செருப்போடு ஏறினேன். சேறு சொட்டச் சொட்ட அவரும் ஏறினார். பிறகு அந்தப் பக்கம் எங்கள் பஸ் கிளம்பியது. எங்கள் கொடி, எங்கள் மேளம், எங்கள் ஹோர்ன். ஜன்னலில் தொங்கிய பயல்கள் எங்களைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே போனார்கள். நாங்கள் ஜெயித்த மெட்ச் அது. நாங்கள் எஞ்சின் போடாத பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். சிரிக்கவும் முடியவில்லை, வேறு எதுவும் செய்யவும் முடியவில்லை.

பஸ் நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் பெனால்டி அடித்தவன் எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? நான் அடிக்கிறதுக்கு முந்தியே விழுந்துட்டீங்களே. எப்பிடி?”

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. “இந்தப் பக்கம் அடிக்கப் போறப்ப ஒனக்கு எடது தோளு எறங்கும். தெனம் பாக்குறேன்ல.”

“எங்க?”

“டேங்க்ல.”

பஸ் வெடித்தது. “உளவு பாக்கவே வீடு கட்டி வந்திருக்கானுகடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “எறக்கி விடுங்க!” என்றான் இன்னொருவன். நான் எழுந்தேன்.

“யாருடா வீடு கட்டி வந்தது? மலை வெடிக்கிறப்ப எங்கள கேட்டா வெடிச்சுச்சு? தெனம் டமார் டமார்னு அடிச்சு என் காது போச்சு, அதுக்கு எவன் பதில் சொல்றது? ரோட்டுல அடிச்சா ரோட்டுல இருக்கவன் பாப்பான். கண்ணக் கட்டிக்கிட்டா இருக்க முடியும்?”

முன் சீட்டிலிருந்து நானாவின் குரல் வந்தது. “மகள் சொல்றது சரி. அந்த மனிசன எங்களுக்குத் தாங்கன்னு நான் அண்டைக்கே கேட்டேன். சாரி தாறன்னும் சொன்னேன்.”

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு கண்டக்டர். பிறகு மொத்த பஸ்ஸும். தோற்றவர்களின் பஸ்ஸில் சிரிப்புச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கள் இடத்தில் பஸ் நின்றது. பெனால்டி அடித்தவனும் எங்களோடு இறங்கினான். தன் வீட்டுப் பக்கம் திரும்பியவன் நின்றான்.

“அண்ணே, நாளைக்குச் சும்மா ஒக்காந்து பாக்காதீங்க. டேங்க் பக்கம் ரெண்டு கல்லு வைக்கிறேன், நடுவுல நில்லுங்க. நான் தோள மாத்தி அடிக்கிறேன். புடிச்சிருவீங்களா பாப்போம்.”

மறுநாள் சாயங்காலம் என் ஃபோன் அடித்தது. நீலத்தின் செயலாளர்.

“தங்கச்சி, அன்னிக்குப் பேசினத மனசுல வச்சுக்காத. இனி அவருதான் நம்ம கீப்பர், யாரும் வாயத் தெறக்க மாட்டானுக. ஆனா ஒண்ணு, பஸ்ல நடந்த கதை எல்லாம் காதுக்கு வந்துச்சு, வீட்ட மட்டும் மாத்திராதீங்க. அந்த டேங்க் பக்கமே இருங்க, புரியுதா? ஆளு எங்க?”

நாங்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது ஒரு நாள் எட்டிப் பார்க்காத மனிதர், இப்போது நாங்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்று சொல்கிறார். கீழே டேங்க் பக்கம் பார்த்தேன். இரண்டு கல்லுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் குனிந்து நின்றார். சட்டி அதிரவில்லை. பந்து சுவரில் படாமல் கையில் பட்டுக்கொண்டிருந்தது.

“பந்து புடிக்கப் போயிருக்காரு,” என்றேன்.

“மெட்ச் முடிஞ்சு மறுநாளேவா? யார்கூட?”

ஃபோனைக் கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை.