தண்டலின் இரண்டு கையெழுத்துகள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டு ஜெராக்ஸ் தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டிலும் ஒரே மனிதரின் கையெழுத்து. ஒன்று அழுத்தமாக, தெளிவாக இருக்கும். மற்றது கோணல்மாணலாகப் போய், கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கி ஓடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு நாள்தான். அந்தப் பன்னிரண்டு நாளில் பயந்ததைப் போல நான் வேறெதற்கும் பயந்ததில்லை.

அவர் தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியின் தலைவர். தண்டல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மனைவி இறந்துவிட்டார். தோணியில் இருந்த பங்கை மகனுக்கு முன்பே கொடுத்தாயிற்று. கடற்கரைத் தெரு வீட்டை, அதிலேயே குடியிருந்து தன்னைக் கவனித்துக்கொண்ட மகளுக்கு எழுதிவைக்க என்னிடம் வந்தார். நான் சீனியரிடமிருந்து பிரிந்து தனியாக போர்டு மாட்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய வக்கீல் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது. உயிலுக்கு ஒரு சாட்சியாக என் டைப்பிஸ்ட் இருந்தார். இன்னொரு சாட்சி யார் என்று கேட்டதும் தண்டல் மருமகனை முன்னால் தள்ளினார்.

"மாப்ள போடட்டும் வக்கீலம்மா. வெளி ஆளக் கூப்பிட்டா அவனுக்கு மரியாதையா இருக்காதுல்லா?"

அவர்கள் குடும்பங்களில் நல்லது கெட்டது எதுவானாலும் மாப்பிள்ளையை முன்னால் நிறுத்துவார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. மறுநாள் காலை தோணி புறப்பட்டுவிட்டது.

மூன்றாம் நாள் வேறொரு வழக்குக்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்தப் பிரிவு கண்ணில் பட்டது. உயிலுக்குச் சாட்சி போடுகிறவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அதே உயிலில் சொத்து எழுதினால், அது செல்லாது. நான் இந்துக் கடைக்காரக் குடும்பத்துப் பெண். அதுவரை நான் எழுதியதெல்லாம் எங்கள் ஆட்களின் உயில்கள். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு கிடையாது, தண்டலைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கு உண்டு. உயிலின் நகலை எடுத்துப் பார்த்தேன். சாட்சி போட்டிருந்தது மகளின் கணவர். தண்டலுக்கு ஏதாவது ஆனால் வீட்டில் பாதி மகனுக்குப் போய்விடும். அவனோ வீட்டை எப்போது விற்கலாம் என்று காத்திருந்தான். மகள் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அவர் திரும்பி வந்ததும் வேறு உயில் எழுதிக்கொள்ளலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆறாம் நாள் கடல் குமுறியது. தோணியிலிருந்து தகவல் நின்றுபோனது. மகளை மாதா கோயில் வாசலில் பார்த்தேன். கையில் மெழுகுவத்தியோடு, "நீங்களும் வேண்டிக்கிடுங்கக்கா" என்றாள். வேண்டிக்கொண்டேன். அந்த மனிதரின் உயிருக்காக அல்ல, இன்னொரு கையெழுத்துக்காக வேண்டுகிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அவள் இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் வேறொரு தோணி அவர்களை இழுத்து வந்து சேர்த்தது. அன்று மதியமே தண்டல் ஆபீசுக்கு வந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் நின்னுட்டு. பயலுவ மாதாவக் கூப்பிட்டு அழுதானுவ. நான் அழல வக்கீலம்மா. வீட்ட மவளுக்கு எழுதியாச்சு, இனி என்னன்னு நெனச்சிட்டு கெடந்தேன்."

அதைக் கேட்டபின் எப்படி வாயைத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நடந்த தப்பைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்போ நான் அங்கனயே போயிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. புது உயிலில், என் முன்னாலும் டைப்பிஸ்ட் முன்னாலும் கையெழுத்துப் போட்டார். பேனா அவர் விரலில் நிற்கவே இல்லை. எங்கள் இருவரின் சாட்சிக் கையெழுத்தும் அதற்குக் கீழே இருக்கிறது. மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல வருடம் இருந்து, வீட்டில் கட்டிலில் படுத்தபடியே இறந்தார். உயிலை கோர்ட் உறுதி செய்து தரும் புரோபேட் கேட்டு மகள் மனுப் போட்டாள். மகன் முதல் உயிலைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தான். இதுதான் அப்பா கையெழுத்து, அந்த நடுங்கிய கையெழுத்து யாரோ போட்டது என்றான். முதல் உயில்தான் நிற்கும் என்றால், மாப்பிள்ளை போட்ட சாட்சியால் பாதி வீடு அவனுக்கு. கூண்டில் நின்ற என்னிடம் அவன் வக்கீல், கை ஏன் நடுங்கியது என்று கேட்டார். கோர்ட் நிறைய எனக்குத் தெரிந்த வக்கீல்கள். வயதானவர், களைப்பு என்று ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்தது. பின்வரிசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். என் தப்பை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டேன்.

போன மாதம் தீர்ப்பு வந்தது. வீடு மகளுக்கே. அன்று சாயங்காலம் அவள் ஆபீசுக்கு வந்தாள். இத்தனை வருடம் மறைத்ததற்குக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா எதுக்கும் பயப்பட மாட்டாங்க. அன்னைக்குப் பயந்தாங்களாக்கா?"

"பயந்தாங்க. உன்ன நெனச்சு."

கீழே இறங்கி ஓடிய அந்தக் கடைசி எழுத்தின் மேல் கண்ணாடியோடு சேர்த்து விரலை வைத்தாள். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.